பக்கத்து வகுப்பு அக்கா

தமிழ் சினிமாவில் ஒரு புது ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ‘சாட்டை’ (2012) படத்தில் மாற்றலாகி வரும் தயாளன் வந்த வேகத்தில் பள்ளியைத் திருத்தத் தொடங்குகிறார். ‘ராட்சசி’ (2019) படத்தின் கீதாராணி ராணுவத்தில் இருந்தவர். தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றதும் உத்தரவு போடுகிறார். இருவரும் சக ஆசிரியர் ஒருவரிடம் போய், “இந்த வகுப்பை நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்று கேட்பதில்லை. கேட்டால் கதாநாயகருக்குக் குறைச்சலாகிவிடும். மற்ற ஆசிரியர்கள் சோம்பேறிகளாகவோ வில்லன்களாகவோ கடைசியில் திருந்துகிறவர்களாகவோ இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று கதைக்குத் தோன்றுவதே இல்லை.

‘வாகை சூட வா’ (2011) கொஞ்சம் வேறு மாதிரி. கதை 1966இல் நடக்கிறது. செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகும் வேலுத்தம்பி தடுமாறுகிறான். ஊர்தான் அவனை மெல்ல மெல்ல வாத்தியாராக்குகிறது. முதலாண்டு ஆசிரியரின் தவிப்பை ஓரளவு நேர்மையாகக் காட்டிய படம் இது. ஆனால் டீக்கடை நடத்தும் மதி அவனுக்குச் செய்யும் உதவியெல்லாம் காதல் கணக்கில்தான் எழுதப்படுகிறது. ஓர் ஆசிரியரை உருவாக்கியதில் ஒரு பெண்ணின் அறிவுக்கும் பங்கு உண்டு என்று அந்தப் படமும் சொல்வதில்லை.

சினிமா அப்படித்தான் என்று விட்டுவிடலாம். கல்வித்துறையும் ஏறக்குறைய இப்படியே நினைப்பதுதான் பிரச்சினை. தகுதித் தேர்வில் தேறி, கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுத்து, பணியேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆசிரியர் தயார் என்பது அதன் எண்ணம். அதற்குப் பிறகு அவரை யார் ஆசிரியராக்குகிறார்கள், அந்த வேலைக்கு என்ன பெயர், என்ன கூலி என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணியவாதிகளான நாமும் இதை அதிகம் கேட்டதில்லை.

கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, புவனகிரி சுற்றுவட்டாரத்துக்குக் காலைப் பேருந்தில் போகும் புது டீச்சர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ 5. ஒருவர் தலைமையாசிரியர், இன்னொருவர் நேற்று வேலைக்கு வந்த பெண். ஹெச்.எம். கூட்டத்துக்குப் போய்விட்டால் பள்ளிக்கூடமே அந்தப் பெண்ணின் தலையில்.

பி.எட். படிப்பு 2015 முதல் 2 ஆண்டாகிவிட்டது. பள்ளிக்குப் போய்ப் பழகும் காலமும் கூடியிருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வரும் மாணவி அந்தப் பள்ளிக்கு விருந்தாளி. வகுப்பு அவளுடையது ஆகாது. சொந்த வகுப்பு கைக்கு வந்த பிறகுதான் எது தெரியாது என்பதே தெரியவரும். மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து எப்படி நடத்துவது? சிக்னல் கிடைக்காத ஊரில் எமிஸ் பதிவை எப்படி முடிப்பது? குடித்துவிட்டு வந்து வாசலில் நிற்கும் அப்பாவிடம் என்ன பேசுவது? புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடம் முகாமாகும். சாவி யாரிடம் இருக்க வேண்டும்? 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015இல் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. கழிப்பறை பூட்டிக் கிடந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதும் சின்னக் கேள்வி இல்லை.

இதற்கெல்லாம் பதில் சொல்கிறவள் பக்கத்து வகுப்பு அக்கா. அவள் அந்தப் பள்ளியிலேயே இருக்கலாம். ஈராசிரியர் பள்ளி என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருப்பாள், பேருந்தில் கூட வருவாள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பேருந்திலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனிலும் அவள் நடத்தும் வகுப்பு நடக்கிறது. “சத்தம் போடாதம்மா, மூணு நாள் பொறுத்துப் பாரு, அதுங்களே அடங்கும்” என்று அவள் சொல்லும் ஒரு வரிக்குப் பின்னால் பதினைந்து வருட அனுபவம் இருக்கிறது. அவளுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்யும் பராமரிப்பு வேலையைப் போலவே பள்ளியில் அவள் செய்யும் இந்த வேலையும் வேலையாகக் கணக்கில் வருவதில்லை. ‘அவங்க சுபாவம் அப்படி, எல்லாருக்கும் ஒத்தாசை பண்ணுவாங்க’ என்று முடித்துவிடுகிறோம். சுபாவம் என்று பெயர் வைத்துவிட்டால் நேரம் ஒதுக்க வேண்டாம், சம்பளமும் தர வேண்டாம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் வழியே வந்தவை இந்த ‘டயட்’கள். வட்டார வள மையங்களும் அவற்றில் ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது பயிற்சிகள் நடந்தன. ஆனால் பயிற்சி என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம். செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் கழித்தல் கணக்கு ஏன் தேறவில்லை என்று என்னோடு உட்கார்ந்து பார்க்கும் ஆளை அது தருவதில்லை. வகுப்புக்கு வருகிற பயிற்றுநரும் நிரப்ப வேண்டிய படிவத்தோடு வருகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் வந்தவர் கையில் மதிப்பெண் இருக்கும்போது, “சார், எனக்கு இது வரலை” என்று எந்தப் புது டீச்சரும் சொல்ல மாட்டாள். ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் மோசம். வழிகாட்ட வேண்டிய ஹெச்.எம்.தான் அவளைப் பற்றி மேலே எழுதுகிறவரும்.

மத்தியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் புதிய கல்விக் கொள்கையை ஒட்டி ‘தேசிய வழிகாட்டல் இயக்கம்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. 2022 ஜூலை 29 அன்று முன்னோட்டமாக அது இறங்கிய பள்ளிகள் 30. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகள். வழிகாட்டிகள் 60 பேர். நவோதயா பள்ளியே இல்லாத தமிழ்நாட்டில், புவனகிரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி டீச்சருக்கு இதனால் ஆகப்போவது என்ன? புதிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்க மறுத்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அந்த மறுப்போடு, முதலாண்டு ஆசிரியருக்கு நாம் என்ன தரப்போகிறோம் என்ற கேள்வியும் சேர்ந்து ஒதுங்கிவிடக் கூடாது.

அப்படியானால் அக்காவே போதுமே என்று தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்கா சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் பாதி, பிழைத்துக்கொள்வதற்கான பாடங்கள். “சுடிதார் வேணாம், சேலையே கட்டிக்கோ, எதுக்கு வம்பு.” சென்னைத் தலைமைச் செயலகத்தில் பெண் ஊழியர்கள் துப்பட்டாவுடன் சுடிதார் போடலாம் என்று 2019இல் அரசாணை வந்த பிறகும் கிராமத்துப் பள்ளி வாசலில் இந்த அறிவுரை ஓயவில்லை. “ஹெச்.எம். அப்படித்தான் பேசுவாரு, காதுல வாங்காத.” என் முதல் பள்ளியில் ஒருவர் கரும்பலகைப் பக்கம் வந்து நிற்கும் விதம் சரியில்லை என்று நான் சொன்னபோது எனக்குக் கிடைத்த யோசனை, மேசையை நகர்த்திப் போட்டுக்கொள் என்பதுதான். சொன்னவள் என்மேல் உண்மையான அக்கறை உள்ளவள். அவளுடைய முதலாண்டில் அவளுக்குக் கிடைத்ததும் அதே யோசனைதான்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம் என்று அது சொல்கிறது. ஈராசிரியர் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். புது டீச்சர்களிடம் பேசும்போது இதைக் கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. தகுதிகாண் பருவம் 2 ஆண்டு. அது முடியட்டும் என்று அவள் காத்திருந்தால் சட்டம் தந்த கெடு எப்போதோ தாண்டியிருக்கும்.

சாதியையும் பேசாமல் இருக்க முடியாது. சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியது 1916இல். நூறாண்டு தாண்டியும், கிராமத்துப் பள்ளிக்கு வரும் தலித் டீச்சருக்கு வாடகை வீடு தேடும் பாடம் தனியாக நடக்கிறது. “எந்த ஆளுங்கன்னு கேட்டா பேச்சை மாத்திடு” என்று சொல்லித் தருகிறவளும் அக்காதான். அவளை எச்சரிக்கிறாள், கூடவே ஒளிந்துகொள்ளவும் பழக்குகிறாள். இன்னொன்றும் உண்டு. டிபன் பாக்ஸ் எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம்தான் வழிகாட்டலும் போகிறது. சாப்பாட்டில் சேர்க்காதவளுக்கு எமிஸ் சொல்லிக்கொடுக்க யாரும் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. பிரியத்தின் பேரில் மட்டும் கிடைக்கிற உதவி, பிரியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவளுக்குக் கிடைக்காது. அதனால்தான் இது யாருடைய நல்ல மனசையும் நம்பியிராத உரிமையாக வேண்டும் என்கிறேன்.

தகுதிகாண் பருவமும் பெண்ணுக்கு வேறு மாதிரிதான் நடக்கிறது. வேலை கிடைக்கும் வயதும் கல்யாணம், பிள்ளைப்பேறு வயதும் ஒன்றாக வருகின்றன. மகப்பேறு விடுப்பு 2021இல் 12 மாதமானது. ஆனால் அந்த விடுப்பும் தகுதிகாண் பருவத்தில் சேரும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். அதுவரை பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் பருவம் நீண்டது. ஓராண்டு கழித்துத் திரும்பி வருகிறவள் மறுபடியும் முதல் நாள் டீச்சர்தான். அவளுக்கு இரண்டாவது முறை வழிகாட்ட எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

தற்காலிக ஆசிரியர்கள் இந்தப் பேச்சிலேயே வருவதில்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 தற்காலிகப் பணியிடங்களை நிரப்ப அரசு உத்தரவிட்டபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று தொகுப்பூதியம் வைத்தார்கள். பின்னால் அது கூடியது. ஆனாலும் அடுத்த வருடம் இருப்பாளா என்று தெரியாத ஒருத்திக்கு யார் மெனக்கெட்டுக் கற்றுத்தருவார்கள்? வருடா வருடம் ஒரு முதலாண்டு. பிள்ளைகளுக்கும் வருடா வருடம் ஒரு புது டீச்சர்.

இதை வேறு விதமாகச் செய்யும் நாடுகள் இருக்கின்றன. ஜப்பானில் 1989 முதல் அரசுப் பள்ளிக்கு வரும் புது ஆசிரியருக்கு ஓராண்டுப் பணித்தொடக்கப் பயிற்சி சட்டப்படி உண்டு, வழிகாட்டும் ஆசிரியரும் உண்டு. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் அது 2 ஆண்டு. முதலாண்டில் 10 சதவீதமும் இரண்டாமாண்டில் 5 சதவீதமும் பாடவேளை குறைக்கிறார்கள். வழிகாட்டுகிறவரும் மதிப்பிடுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அங்கும் வழிகாட்டிகள் நேரம் போதவில்லை என்றுதான் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலே நமக்கு ஒரு பாடம். வழிகாட்டல் என்பது அறிவுரை சொல்லும் சமாச்சாரம் இல்லை, அது நேரம் தின்னும் வேலை.

நம் மாவட்டத்துக்கு என்ன கேட்கலாம்? முதலாண்டு டீச்சர் ஒவ்வொருவருக்கும், தற்காலிகமானாலும், பெயர் குறிப்பிட்டு ஒரு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும். ஈராசிரியர் பள்ளியென்றால் குறுவள மையத்தின் வேறொரு பள்ளியிலிருந்து வரட்டும். வாரத்தில் இரண்டு பாடவேளை இருவருக்கும் ஒதுக்க வேண்டும். வழிகாட்டும் அக்காவுக்குப் படி தர வேண்டும், பணிப் பதிவேட்டிலும் அது ஏற வேண்டும். அவள் தன் தங்கையைப் பற்றி யாருக்கும் அறிக்கை எழுதக் கூடாது. முதல் மாதத்திலேயே உள்ளூர்ப் புகார்க் குழுவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் புது டீச்சர் கையில் இருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவளுக்கு இதெல்லாம் மறுபடி கிடைக்க வேண்டும். சாதி பார்த்து ஒதுங்குகிற வழிகாட்டியை மாற்றக் கேட்கும் உரிமையும் அவளுக்கு வேண்டும்.

கூடவே அக்காக்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நாம் தாங்கிக்கொண்டதை எல்லாம் அடுத்தவளுக்கும் தாங்கக் கற்றுக்கொடுப்பது அக்கறைதானா என்று. அடங்காத வகுப்பை அடக்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அடங்கிப்போகும் வித்தையை நம்மோடு நிறுத்திக்கொள்ளலாம்.