சுவரில் தெரியாத கதவு

பழைய உள்ளறைப் புகைப்படம் எது கிடைத்தாலும் நான் முதலில் கதவுகளை எண்ணுவேன். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ராபர்ட் ஆடம் போன்றவர்கள் கட்டிய நவசெவ்வியல் மாளிகைகளில், இடப்பக்கம் ஒரு தூண் நின்றால் வலப்பக்கமும் ஒன்று நிற்க வேண்டும். கதவுக்கும் அதே விதிதான். மறுபக்கம் வழியே இல்லையென்றாலும், சமச்சீர் கெடாமலிருக்கத் திறக்காத பொய்க்கதவு ஒன்றைப் பொருத்துவார்கள். இதற்கு நேர்மாறான கதவும் உண்டு. அது திறக்கும், ஆனால் கண்ணில் படாது. சுவரின் வேலைப்பாடும் ஒட்டிய தாளும் அதன்மேல் முறியாமல் ஓடும். வேலையாட்கள் வந்துபோக அதுதான் வழி. மறைக்க வேண்டியது யாருடைய கதவு என்பதில் அந்தக் கட்டடக்காரர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தகைய கூடங்களுக்குள் கேமரா நுழைந்தது. கொலோடியன் தகட்டுக்கு உள்ளறை வெளிச்சம் போதாது. லென்ஸை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். தூண் அசையாது, பளிங்கு வீனஸும் அசையமாட்டாள். கணப்பின் சாம்பலை அள்ளிக்கொண்டு கூடத்தைக் கடக்கும் பெண் தகட்டில் பதியவே மாட்டாள். மிஞ்சினால் ஒரு புகைக்கீற்று. வரிசை வரிசையாகத் தூண்கள் மட்டும் தெரியும் அந்தப் படங்களின் அமைதியை நானும் மாணவியாக இருந்தபோது வியந்திருக்கிறேன். சுவரும் ஒருமுறை, தகடும் ஒருமுறை அவளை அழித்த பிறகு கிடைத்த அமைதி அது.

இந்த ஒழுங்கைக் கலைத்தவர் என்று நான் கருதுவது கிளெமென்டினா ஹவார்டனை. 1859இல் லண்டன் பிரின்செஸ் கார்டன்ஸில் ஒரு புதிய வீட்டுக்கு வந்தவர், அதன் முதல் மாடியிலேயே படமெடுத்தார். கூடத்தின் நட்டநடுவில் கேமராவை நிறுத்தி இருபுறத்தையும் சமமாகக் காட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. சன்னலோரம், அறையின் மூலை, சாய்ந்து விழும் வெயில், அங்கே அவருடைய மகள்கள். நிலைக்கண்ணாடி அடிக்கடி வருகிறது. ஆனால் முதுகு காட்டி நிற்பவளின் முகம் கண்ணாடியில் வேறொருத்தியின் முகம்போல் இருக்கிறது. இரண்டு சகோதரிகள் எதிரெதிரே நிற்கும் படங்களிலும் ஒருத்தி மற்றவளுக்கு நகலாவதில்லை. தூண்களைப்போல இரண்டிரண்டாக வந்தும் இந்தப் பெண்கள் தூண்களாக மறுக்கிறார்கள்.

1865இல், 42 வயதில் அவர் இறந்தார். 1939இல் பேத்தி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த 775 படங்கள் ஆல்பங்களிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டவை. பலவற்றுக்கு மூலைகளே இல்லை. கிழிந்த அந்த விளிம்புகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. இது விமர்சனம் ஆகாது, தெரியும்.

ஆனாலும் ஹவார்டன் சீமாட்டி. படத்துக்காகப் பெரும்பாலும் காலி செய்யப்பட்ட அந்த அறையின் தரை பளிச்சென்று இருக்கிறது. மகள்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்: இசபெல்லா, கிளெமென்டினா, ஃபுளோரன்ஸ். நாற்காலிகளைத் தூக்கி வெளியே வைத்தவள் நான் பார்த்த லண்டன் படம் எதிலும் இல்லை.