சூ 2-வா, ஜீரோ 2-வா? பஸ்ஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று தேவையா?

இரண்டாயிரம் ரூபாயில் ஒயர் வைத்த நல்ல இயர்போன் ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால், பெரும்பாலும் வந்து நிற்கும் கேள்வி இதுதான். மூன்டிராப் சூ 2-வா, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2-வா? இரண்டும் 2023-இல் சந்தைக்கு வந்தவை. இரண்டும் சீனத் தயாரிப்பு. இரண்டிலும் காதுக்கு ஒன்றாக 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர். ஒயரைக் கழற்றி மாட்டும் வசதி இரண்டிலும் உண்டு. அதுவும் ஒரே 0.78 மில்லிமீட்டர் டூ-பின் வகை. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் படித்தால் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸிலும் புறநகர் ரயிலிலும் வீட்டு மேஜையிலும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். வித்தியாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதில் பாதிதான் இயர்போனுக்குள் இருக்கிறது. மீதி, கேட்பவரின் காதுத் துவாரத்திலும் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் இருக்கிறது. விளம்பரங்கள் முதல் பாதியை மட்டுமே பேசும்.

முதலில் பொருள். சூ 2-வைச் செய்வது செங்டு நகரத்து மூன்டிராப். கையில் எடுத்தாலே உலோகம் என்று தெரிகிற, சிறிய, கனமான உடல். இதற்கு முந்தைய சூவில் ஒயர் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. ஆனால் தனியாக வாங்கினால் நல்ல விலை போகும் ‘ஸ்பிரிங் டிப்ஸ்’ ரப்பர்களைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். சூ 2-வில் ஒயரைக் கழற்றலாம். பதிலுக்கு அந்த ரப்பர்கள் போய், சாதாரண ரப்பர்கள் வந்துவிட்டன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கதைதான். ஆனாலும் எனக்கு இது லாபமாகவே படுகிறது. ஜாக் பக்கத்தில் ஒயர் நைந்து ஒரு பக்கம் மட்டும் பாடுவதுதான் நம் ஊரில் இயர்போன்கள் சாகும் வழக்கமான வழி. ஒயரை மட்டும் மாற்ற முடிந்தால் அந்தச் சாவு இல்லை.

ஜீரோ 2, செவன்ஹெர்ட்ஸ் நிறுவனம் சிங்கப்பூர் இயர்போன் விமர்சகர் கிரினக்கிளுடன் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை எந்த அளவில் நிறுத்துவது என்பதில் அவர் கை இருக்கிறது. உடல் பிளாஸ்டிக், சூவைவிடப் பெரிது, கனம் குறைவு. காதுக்குள் போகும் மூக்குப் பகுதி சற்றுப் பருமன். இந்தப் பருமன் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பலருக்கு முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். காதுக்குள் செருகும் இயர்போனில் பேஸ் கேட்க வேண்டுமானால் காதுத் துவாரம் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ்ஸ்தாயி ஒலி பெருமளவு கசிந்துவிடும். மேல்ஸ்தாயி அப்படியே நிற்கும். கேட்பவருக்கு ‘பேஸே இல்லை, கிரீச்சென்று இருக்கிறது’ என்று தோன்றும். “இந்த மாடல் சரியில்லை” என்று எழுதப்படும் விமர்சனங்களில் எத்தனை உண்மையில் “இந்த ரப்பர் என் காதுக்குச் சேரவில்லை” என்பதோ, யாருக்குத் தெரியும்!

சோதித்துப் பார்ப்பது எளிது. போனில் இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, வால்யூமைக் குறைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விடுங்கள். ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, மறு கையால் இயர்போனை லேசாகத் திருகி உள்ளே செலுத்துங்கள். சரியாக அடைபடும் கணத்தில் அந்த முனகல் தலைக்குள் வந்து உட்காரும். பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், தலையைத் திருப்புங்கள். முனகல் போய்ப் போய் வந்தால் ரப்பர் அளவு சரியில்லை. இடக் காதுக்கு நடுத்தரம், வலக் காதுக்குப் பெரியது என்று வேறு வேறு அளவு போடுவதில் தப்பே இல்லை. எனக்கு அப்படித்தான் சேர்கிறது.

இந்தச் சோதனையில் சூ 2 சுலபமாகத் தேறியது. சிறிய உடல், ஒல்லியான மூக்கு, செருகியதும் மறந்துவிடலாம். ஜீரோ 2-வுக்கு ரப்பரை மாற்றிப் பார்த்த பிறகுதான் முனகல் நிலைத்தது. நெடுநேரம் போட்டிருந்தால் துவாரத்தின் விளிம்பில் ஓர் அழுத்தம் தெரிகிறது. காது பெரிதாக இருப்பவர்களுக்கு இது தலைகீழாகவும் இருக்கலாம்: சூ 2 பிடிமானம் இல்லாமல் வழுக்க, ஜீரோ 2 கச்சிதமாக உட்காரும்.

இனி ஒலி. ஒப்பிடும் முன் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். போனில் ஒரே வால்யூம் வைத்தால் சூ 2 உரக்கவும் ஜீரோ 2 மெல்லவும் கேட்கும். முன்னது குறைந்த மின்னழுத்தத்திலேயே அதிகச் சத்தம் தரக்கூடியது. உரக்கக் கேட்பது எதுவோ அதுவே தெளிவானது, விரிந்தது என்று காது ஏமாந்துவிடும். இயர்போன் கடைகளில் முதல் நிமிடத்தில் நடக்கும் காதல் பெரும்பாலும் இந்த வகைதான். அதனால் பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவுக்கு வரும்வரை வால்யூமைச் சரிசெய்துகொண்டேன்.

அப்படிச் சரிசெய்ததும் வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியதைச் சொல்வதற்கு மிருதங்கமே நல்ல கருவி. தொப்பிப் பக்கத்தில் ரவை பூசிய தோலிலிருந்து எழும் கும்கி, ஜீரோ 2-வில் சற்றுத் தடித்து, அடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. கச்சேரி மேடைக்கு அருகில் உட்கார்ந்த உணர்வு வருகிறது என்பது உண்மை. சூ 2-வில் அதே கும்கி மெலிந்து, சட்டென்று நிற்கிறது. மாறாக வலந்தலையின் ‘தீம்’, அதன் பின்னால் ஓடும் தம்புராவின் ரீங்காரம், வயலின் வில் தந்தியில் உரசும் ஓசை எல்லாம் சூ 2-வில் ஓர் அடி முன்னால் வருகின்றன. தனி ஆவர்த்தனத்துக்கு ஜீரோ 2, ஆலாபனைக்குச் சூ 2 என்று சொன்னால் பெரிய பிழை வராது.

திரையிசைக்கு வந்தால் காலம் குறுக்கே நிற்கிறது. ஜீரோ 2 தூக்கிக் கொடுப்பது மிகக் கீழே உள்ள பேஸை: சின்தசைசர் அதிர்வு, கிக் டிரம்மின் அடிவயிற்றுச் சத்தம். ‘காதலன்’ (1994) போல அந்தப் பகுதியை நிறைத்துப் பதிவான ரஹ்மான் இசைக்கு இது கொண்டாட்டம். அதற்கு முந்தைய தலைமுறை ஒலிப்பதிவுகள் பலவற்றில் அந்த ஆழத்தில் அதிகம் ஒன்றும் கிடையாது. இல்லாததை எந்த இயர்போனும் தூக்கிக் கொடுக்க முடியாது. இளையராஜாவின் திரைப்படம் சாராத ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்கு அடியில் ஓடும் பேஸ் கிடார், சுரம் சுரமாகப் பிரிந்து எனக்குக் கேட்டது சூ 2-வில்தான். ஆழம் குறைவு, வரிகள் தெளிவு.

சூ 2-வுக்கு ஒரு குறையும் உண்டு. டேப் இரைச்சலோடு இருக்கும் பழைய பதிவுகளில், குறிப்பாகப் பெண் குரல்களில், ‘ச’ ‘ஸ’ ஓசைகள் சற்றுக் கூர்மையாகக் குத்தும். மெல்ல வைத்துக் கேட்டால் தெரியாது. வால்யூமை ஏற்றினால் எரிச்சல். நாதஸ்வரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜீரோ 2 அந்த இடத்தில் மழுப்பிவிடுகிறது, நல்லதோ கெட்டதோ.

வெளியே போனால் கணக்கு மாறுகிறது. பஸ் இன்ஜினின் உறுமலும் ரயில் சக்கரத்தின் கடகடப்பும் கீழ்ஸ்தாயிச் சத்தங்கள். அவை பாட்டின் கீழ்ஸ்தாயியை மூடிவிடும். ரப்பர் அடைப்பு உயர்ஸ்தாயிச் சத்தத்தைத் தடுக்கும் அளவுக்கு உறுமலைத் தடுப்பதில்லை. இரண்டிலும் மின்னணு இரைச்சல் நீக்கமும் கிடையாது. அதனால் வீட்டில் ‘பேஸ் கொஞ்சம் கூடுதல்’ என்று தோன்றிய ஜீரோ 2, பஸ்ஸில் சமமாகக் கேட்கிறது. வீட்டில் சமமாக இருந்த சூ 2, பஸ்ஸில் வெறும் குரலும் ஜால்ராவுமாக மெலிந்துவிடுகிறது. இந்த விஷயம் தயாரிப்பாளர்களுக்கும் தெரியாததில்லை. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் இஆர் 2 என்ற ஒரே இயர்போனை எஸ்இ, எக்ஸ்ஆர் என்று இரண்டு வகையாக விற்கிறது. இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு பேஸ் அளவு. வெளிச்சத்தத்தை அடைப்பதில் அந்த நிறுவனத்தின் மூன்றடுக்கு ரப்பருக்கு இணை குறைவு. ஆனால் அது காதுக்குள் வெகு ஆழம் போக வேண்டும். எல்லாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது. விலையும் வேறு வகுப்பு.

பஸ்ஸில் பேஸ் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவதுதான் இயல்பாக எல்லாரும் செய்வது. அங்கேதான் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். தினமும் தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை ரயிலில் போய் வருபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் இருந்தால் வால்யூமை ஏற்ற வேண்டிய தேவையே குறையும். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டு காதையும் இப்படி அடைத்துக்கொள்ளக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி மாட்டுவது இரண்டுக்கும் பொது. நடக்கும்போது ஒயர் சட்டையில் உரசி எழும் ‘டக் டக்’ அதனால் வெகுவாகக் குறைகிறது. சொந்தக் காலடி தலைக்குள் கேட்பது மட்டும் குறையாது. காதை அடைத்தால் வரும் விளைவு அது.

இன்றைய போன்கள் பலவற்றில் 3.5 மி.மீ. ஜாக் கிடையாது என்பதால் டைப்-சி டாங்கிள் ஒன்று தேவைப்படும். டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் டிஏசி சிப் உள்ளே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு டாங்கிள்கள் சில போன்களில் வேலை செய்யாது. ஆப்பிளின் சின்ன டாங்கிள் நல்ல பொருள்தான். ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் முழு அளவுக்கு ஏறாமல் நின்றுவிடும். வீட்டில் கணினியில் செருகிக் கேட்க இரண்டுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் எதுவும் தேவையில்லை. சூ 2 சிறு சத்தத்தையும் பெரிதாக்கும் வகை என்பதால், இரைச்சல் உள்ள லேப்டாப் ஜாக்கில் பாட்டு நிற்கும்போது ‘உஸ்’ கேட்கலாம். டாங்கிள் போட்டால் அது போய்விடும்.

சென்னை வியர்வை பற்றி ஒரு வார்த்தை. மூக்கு வாயில் உள்ள மெல்லிய வலையில் ஈரமும் மெழுகும் படிந்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும். கெட்டுப்போனது என்று நினைத்துப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சூ 2-வில் அந்த மூக்கைத் திருகிக் கழற்றி மாற்ற முடியும். இந்த விலையில் அரிய வசதி. எதை வாங்கினாலும் மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உறைக்குள் போட்டு வையுங்கள்.

இரண்டையும் வாங்கி வைக்கலாமா என்றால், வேண்டாம். இவற்றுக்கிடையே உள்ள ஒலி வேறுபாட்டின் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற ஈக்வலைசர் ஆப்பே ஈடுகட்டும்: வெளியே போகும்போது சூ 2-வின் பேஸைக் கொஞ்சம் ஏற்றலாம், வீட்டில் ஜீரோ 2-வின் பேஸைக் கொஞ்சம் இறக்கலாம். காதுக்குப் பொருந்தாத மூக்கை மட்டும் எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது.

எனவே என் தீர்ப்பு: காது சிறிதென்றால் வேறு யோசனையே வேண்டாம், சூ 2. இரண்டும் பொருந்தினால், கேட்பதில் பெரும்பகுதி பயணத்தில் என்பவர்களுக்கு ஜீரோ 2. இரவில் அமைதியான அறையில் கச்சேரியும் பழைய பாட்டும் கேட்பவர்களுக்குச் சூ 2. என் மேஜையில் நிற்கப் போவது சூ 2. மிஞ்சும் பணத்தில் நல்ல ரப்பர் ஜோடி ஒன்றும் டாங்கிளும் வாங்குங்கள். காதில் போட்டுப் பார்த்த பொருள் என்பதால் பிரித்த பெட்டியைச் சில கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.