நைஜீரியாவின் டாலர் எங்கே போனது?

இந்தியா ரஷ்ய எண்ணெய்க்கு மாறியதால் நைஜீரியாவின் கையில் டாலர் வற்றியது, அதனால்தான் சென்னை அருகே ஒரகடத்து ஆலைகளில் செய்யும் வண்டிகளை அங்கே விற்பது கடினமாயிற்று என்றொரு வாதம் உண்டு. கேட்டதும் நம்பத் தோன்றும். அதன் தொடக்கம் உண்மைதான். உக்ரைன் போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் சுமார் 2 விழுக்காடாக இருந்த ரஷ்யாவின் பங்கு, 2023-ல் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. அதுவரை நைஜீரியாவின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் நாம்.

அதற்கு மேல் வாதம் நிற்கவில்லை. நாம் விட்டதை, ரஷ்யாவைக் கைவிட்ட ஐரோப்பா வாங்கிக்கொண்டது. 2022-ல் பிரென்ட் விலை சராசரியாக 100 டாலர். நைஜீரியா செழித்திருக்க வேண்டிய ஆண்டு அது. ஆனால் குழாய்களில் திருட்டு மலிந்து, செப்டம்பரில் உற்பத்தி நாளொன்றுக்கு 10 இலட்சம் பீப்பாய்க்கும் கீழே இறங்கியது. அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் முடங்கிக் கிடந்தன. பெட்ரோலை டாலர் கொடுத்து வெளியிலிருந்து வாங்கி, மானிய விலைக்கு விற்றார்கள். அரசு எண்ணெய் நிறுவனத்திடமிருந்து கருவூலத்துக்கு மாதக்கணக்கில் ஒரு நைராகூட வரவில்லை. டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாமல் எமிரேட்ஸ் அந்த ஆண்டு நைஜீரியச் சேவையையே நிறுத்தியது. 2023 ஜூனில் நைராவின் மதிப்பின் மீதிருந்த பிடியைத் தளர்த்தினார்கள். 470 நைரா அளவில் இருந்த ஒரு டாலர், 2024 தொடக்கத்தில் 1,500-ஐத் தொட்டது.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 2010-ல் நாளொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் பீப்பாய் நைஜீரிய எண்ணெய் வாங்கிய அமெரிக்கா, ஷேல் எண்ணெய் பெருகியதும் 2014-க்குள் அநேகமாக நிறுத்திவிட்டது. அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. வாங்க இந்தியாவும் இருந்தது. தாங்க முடியாமல் போனது, 2014 ஜூனில் 115 டாலராக இருந்த விலை 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே விழுந்தபோதுதான். எண்ணெய் விற்கும் அல்ஜீரியா கார் இறக்குமதிக்கு உரிம வரம்பு போட்டதும் அப்போதே. நைஜீரியாவில் அதற்கும் முன்பே, 2013-ன் வாகனக் கொள்கை இறக்குமதிக் கார்களின் வரியை 70 விழுக்காடாக்கியிருந்தது. அந்தக் கதவை மூடியதில் எண்ணெய்க்குப் பங்கில்லை.

ஒரகடத்தில் ‘ஆப்பிரிக்க ஆர்டர்’ என்று ஒரே சொல்லில் பேசுவதும் பிழை. நைஜீரியா, அங்கோலா, அல்ஜீரியா, லிபியா என எண்ணெய் விற்கும் பெரிய நாடுகள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவை. அவற்றுக்கு இடப்பக்க ஸ்டீயரிங் வேண்டும். வாங்குபவரின் வங்கி எல்சி என்ற பணப் பொறுப்புக் கடிதத்தைத் திறக்காமல் நின்றுபோன அத்தகைய வண்டியை இங்கே உள்நாட்டு டீலருக்குத் தள்ளிவிட முடியாது. கென்யா, தான்சானியா, சாம்பியாவில் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங். டைம்லர் 2013-ல் ஒரகடத்திலிருந்து ஃபூசோ லாரிகளை அனுப்பத் தொடங்கியபோது முதலில் சென்ற நாடுகளில் இவையும் அடக்கம். இவை எண்ணெய் வாங்கும் நாடுகள். விலை விழுந்தால் இவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: எண்ணெய்க் கப்பல் திசை மாறியது துணைக் காரணம் மட்டுமே. விலை வீழ்ச்சியும், எடுத்த எண்ணெயைக் காக்கவும் காய்ச்சவும் முடியாத நிர்வாகமும்தான் முதற்காரணம். ஆர்டர் நின்று ஆலையின் உற்பத்தி ஷெட்யூல் குறையும்போது முதலில் ஷிப்டை இழப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவரிடம் ரஷ்யாவைக் கைகாட்டித் தப்பிப்பது நியாயமில்லை.

லாகோஸ் அருகே நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய்த் திறனுள்ள டாங்கோட்டே சுத்திகரிப்பு ஆலை 2024 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. பெட்ரோலுக்குப் போகும் டாலரை அது மிச்சப்படுத்தலாம். ஆனால் உள்நாட்டில் போதிய கச்சா எண்ணெய் கிடைக்காமல், அந்த ஆலையே அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வாங்கியது.