அம்பை கதையில் குழுமமும் தற்சிந்தனையும்

மும்பை கிங்ஸ் சர்க்கிள் பகுதித் தமிழர், 1952இல் தோன்றிய சண்முகானந்த சபை போன்ற அமைப்புகளின்வழித் தம் குழும வாழ்வைப் பேணினர். அரவணைக்கும் குழுமமே தனிமனிதச் சிந்தனையை நெருக்கவும் கூடும். அந்நெருக்கத்தின் இயங்குமுறையை, அந்நகரில் வாழும் அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (தொகுப்பு: 1988) கதையில் நுட்பமாகக் காட்டுகிறார்.

அஜ்மீர்க் குடும்பத்தின் மருமகள் மீனாட்சி, சமையலறையைச் சீர்ப்படுத்த யோசனை கூறுகிறாள். விரைவில் சன்னலுக்கு வெளியே கொடிகள் கட்டப்படுகின்றன. உலரும் துணிகள் மலைகளை மறைக்கின்றன. வீட்டு ஏற்பாடாகவே வரும் இம்மறுப்பை எதிர்ப்பது அரிது.

மீனாட்சியைத் தனித்த கலகக்காரியாக மட்டும் காணும் வாசிப்பு குறைவுடையது. நோயுற்ற மாமியார் ஜீஜியிடம் அவள் மனம்விட்டுப் பேசுமிடத்திலேயே அவளது சிந்தனை வலுப்பெறுகிறது. தற்சிந்தனை நிலைபெற இன்னொரு செவியும் வேண்டும் என்பதே கதை உணர்த்துவது எனலாம்.