மறைந்த வினைமுதல்: ஈழப் போர்க்காலச் சொற்கள்

செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் உலக வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். திண்ணையே மெழுகியதாகக் கூறுவதை உரையாசிரியர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். மெழுகியவர் யார் என்னும் வினா அங்கு எழுவதில்லை. ஆகவே அவ்வழக்கால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், 1983 முதல் 2009 வரை இலங்கையில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் சொற்களை நோக்குமிடத்து, வினைமுதலை மறைக்கும் இவ்வழக்கு வேறொரு பணிக்குப் பயன்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

முதலில் அரசின் சொற்களைக் காண்போம். 1987இல் வடமராட்சிமீது தொடுக்கப்பட்ட தாக்குதலுக்கு விடுதலை என்னும் பொருள்படும் 'ஒப்பரேசன் லிபரேசன்' என்ற பெயரும், 1995இல் யாழ்ப்பாணத்தை நோக்கிய படையெடுப்புக்குச் சூரியக் கதிரைக் குறிக்கும் 'ரிவிரெச' என்ற சிங்களப் பெயரும் இடப்பட்டன. இறுதிப் போரோ 'மனிதாபிமான நடவடிக்கை' எனப்பட்டது. 2009இல் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்கள்மீது அரசுப் படையே எறிகணை வீசியதென்னும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளை ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் பதிவு செய்தது. தப்ப முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதாகவும் அதே அறிக்கை கூறுகிறது.

விடுதலைப் புலிகளின் சொற்கள் தமிழ் மரபிலிருந்து பிறந்தவை. 'மாவீரர்', 'வீரச்சாவு', 'துயிலும் இல்லம்' ஆகியவற்றின் பின்னே நடுகல் மரபு நிற்கிறது. இறந்த போராளியின் உடல் 'வித்துடல்' எனப்பட்டது; புதைத்தல் 'விதைத்தல்' ஆயிற்று. பிள்ளையை இழந்த தாய்க்கு இச்சொற்கள் அளித்த ஆறுதலை நாம் மறுக்கவில்லை. எனினும், உடல் விதையாகும்போது சாவு உழவாகிவிடுகிறது. அப்பிள்ளையைப் போருக்கு அழைத்துச் சென்றவர் யார் என்ற வினா அங்கு எழ இடமில்லை. 'துரோகி' என்னும் சொல்லோ குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே முடித்துவிடுகிறது.

இரு தரப்பும் பகிர்ந்துகொண்ட மறைப்பும் உண்டு. 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊர் நீங்கினர். படை முன்னேறி வந்தது. புலிகள் வெளியேறுமாறு அறிவித்தனர். 'இடம்பெயர்ந்தோர்' என்னும் சொல்லில் இவ்விருவரும் இல்லை. நடந்து சென்ற மக்கள் மட்டுமே உள்ளனர். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். அதனையும் 'இடப்பெயர்வு' என எழுதும்போது தமிழ்மொழி தன் அண்டை வீட்டாருக்கு அநீதி இழைக்கிறது. வெளியேறினர், வெளியேற்றப்பட்டனர் என்னும் இரு வினைகளுக்கும் இடையில் ஒரு சமூகத்தின் வரலாறு அடங்கியுள்ளது.

இம்மறைப்புக்கு எதிராகப் புனைகதையும் செயற்பட்டுள்ளது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது. யார் பிடித்தார், எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கும் வடிவம் அது. அரசும் இயக்கமும் பேசிய பெருஞ்சொற்கள் அங்கு உதவுவதில்லை. வினைமுதலைக் கூறியே ஆகவேண்டும்.

எனினும், மிகக் கூர்மையான இலக்கணத் திருத்தத்தைச் செய்தோர் எழுத்தாளர் அல்லர். 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த அலுவலகம் 'காணாமற்போன ஆட்கள்' என்னும் பெயரைத் தாங்கியது. போதல் தன்வினை, போனவர் தாமே போனார் என்பது அதன் தொனி. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரும் உறவினரும் தம் பிள்ளைகளை 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என்றனர். இப்பெயரிலும் செய்தவர் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் செய்தவர் ஒருவர் உண்டு என்பதை இவ்வினை உறுதிப்படுத்துகிறது. அவர் யார் என்பதே அவர்களின் வினா.

கடலுக்கு இப்பால் இருந்து இப்போரின் செய்திகளைப் படித்த நாம் இரு தரப்புச் சொற்களையும் ஆராயாமலே கையாண்டு வந்துள்ளோம். இனி இப்போரைப் பற்றி எழுதுவோர் ஒவ்வொரு வினைக்கும் வினைமுதலைத் தேடுதல் வேண்டும். அவ்வினைமுதல் நமக்கு உவப்பானவராக இருக்குமிடத்து இக்கடமை இருமடங்காகிறது.