பாதை கரை தட்டும் சத்தம்

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் உரிம விலை, அதன் சின்ன இன்ஸ்டாலர், வின்அம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் தொடங்கினார் என்பதெல்லாம் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நான் எழுத வந்தது அதற்குள் இருக்கும் மீடியா எக்ஸ்புளோரர் என்ற கோப்பு உலாவியைப் பற்றி. கோப்பை இழுத்துப் போட மட்டுமே பலர் இதைத் திறக்கிறார்கள். கொக்கட்டிச்சோலையில் இருந்து வாரக்கணக்காக ஒரு குறும்படத்துக்கு ஒலி செய்த எனக்கோ, ரீப்பர் என்றால் இப்போது இதுதான்.

படத்தின் கதை மண்முனைப் பாலத்துக்கு முந்தியது. 2014 இல் பாலம் திறந்தபின் அந்தத் துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களை வாவி கடத்தும் மிதவைக்கு, வேலையில்லாமல் போனது. ஆட்களும் சைக்கிள்களும் ஏறும்போது தளம் முனகுவதும், அடியில் வாவித் தண்ணி அடிப்பதும், கரை தட்டும்போது எழும் இடியும் இனி அங்கே கிடைக்காது. ஆகவே குருமண்வெளித் துறைக்குப் போய், மண்டூருக்குப் போகும் பாதையில் நீளநீளமாகப் பதிந்து வந்தேன். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணித்தியாலம் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். அதற்குள் எனக்கு வேண்டியது கரை தட்டும் சில விநாடிகள்.

இங்கேதான் இந்த விண்டோ மனதைப் பிடித்தது. கோப்பில் கைவைத்ததும் ஒலிக்கிறது, கீழே அலைவடிவம் விரிகிறது. காற்றும் பேச்சும் எங்கே, இடி எங்கே என்று கண்ணாலேயே தெரியும். அந்தத் துண்டை மட்டும் மவுசால் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதையே டைம்லைனுக்கு இழுக்கலாம். மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

அதைவிடப் பெரிய விசயம், ப்ரிவியூவை நாம் தெரிவுசெய்த ட்ராக்கினூடாக ஒலிக்க விடலாம் என்பது. அந்த ட்ராக்கில் பில்டரும் ரிவேர்ப்பும் ஏற்கெனவே போட்டிருந்தால், இறக்குமதி செய்யாத கோப்பும் அவற்றோடுதான் காதில் விழும். படமும் ஓடிக்கொண்டிருக்கும். தனியே கேட்டபோது கம்பீரமாக இருந்த இடிகள் தாயும் மகனும் பேசும் காட்சியில் பேச்சை விழுங்கின. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கியிருந்த மெல்லிய உரசல் ஒன்று, பேச்சுக்கு அடியில் பாதையின் பாரத்தையே கொண்டுவந்தது. ப்ராஜெக்டில் ஒரு கோப்பும் சேராமலே இந்தத் தீர்ப்பு கிடைத்தது. ஒலி வடிவமைப்பில் பாதி வேலை இப்படிக் கேட்டுக் கழிப்பதுதான். அதற்கு மரியாதை தந்த மென்பொருள் இது.

ப்ரிவியூவை ப்ராஜெக்டின் வேகத்துக்கு இழுக்கும் டெம்போ மேட்சை மட்டும் அணைத்தே வைத்திருக்கிறேன். ஒரே வேகத்தில் சுழலும் லூப்களுக்கு அது நல்லது. வடமோடிக் கூத்தின் தாளக்கட்டுக்கு ஆகாது. ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அண்ணாவியார் மத்தளத்தை இறுக்குவார், விடுவார். அந்த அசைவில்தான் கூத்தின் உயிர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு டெம்போ எண்ணை ஒட்டி இழுத்தால் மத்தளம் தடுமாறும், சல்லரி தகரம்போலக் கிழியும். நம் கூத்துப் பதிவுகளைக் கையாளும் பிள்ளைகள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

மனம் கொதிப்பது வேறொன்றில். பதிவுக் கருவி கோப்புக்குக் கொடுக்கும் பெயர் வெறும் எண். நான் தமிழிலேயே பெயர் மாற்றி வைக்கிறேன்: "பாதை கரைதட்டல் குருமண்வெளி மாலை" என்று. தேடல் பெட்டியில் "கரைதட்டல்" என்று அடித்தால் வந்து நிற்கும். ஆனால் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதப் போனால், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997 இல் வெளியிட்ட பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தின் விவரக் கட்டம் 256 ஆஸ்கி எழுத்துகளோடு முடிகிறது. தமிழுக்கு அதில் இடமில்லை. பிறகு வந்த ஐஎக்ஸ்எம்எல் என்ற விவரப் பகுதியில் தமிழ் எழுதலாம். இடம், நேரம், எந்த ஊர்க் கூத்துக் களரி என்பதை அதில் தமிழில் எழுதுங்கள். பெயரில்லாத பதிவு இருந்தும் இல்லாததுதான், எத்தனை ஹார்ட் டிஸ்கில் கிடந்தாலும்.

புதுக் கோப்புகளைப் போட்ட கையோடு மீடியா எக்ஸ்புளோரரின் டேட்டாபேஸை ஸ்கான் செய்யவும் மறக்க வேண்டாம். ரீப்பரை 60 நாள் காசில்லாமல் பாவித்துப் பார்க்கலாம். முதல் வேலையாக, ப்ரிவியூவை ட்ராக்கினூடாக விடும் தெரிவைத் தேடிப் போடுங்கள்.