பக் நாயும் ஒரு சங்கமும்

சிட்னியில் ஹாரிஸ் பார்க்கின் விக்ரம் தெருவில் மாலையில் பிரியாணி வாசனைக்கு நடுவே பக் நாய்களும் வரும். நம் ஊரில் 'ஹட்ச் நாய்' என்போமே, அதேதான். அதன் குறட்டையை எல்லோரும் ரசிக்கிறார்கள். உண்மையில் அது மூச்சுத் திணறல். மண்டையோடு குறுகிவிட்டது; உள்ளே மேலண்ணச் சதை குறையவில்லை, மூக்குத் துளையோ வெறும் கீறல். நாய்க்கு உடல் சூடு தணிய இரைப்பதுதான் முக்கிய வழி. மேற்கு சிட்னி வெயிலில் அந்த வழியும் அடைபட்டால் என்ன ஆகும்?

1921இல் தொடங்கிய ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் சங்கம், 2016இல் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுடன் சேர்ந்து 'லவ் இஸ் பிளைண்ட்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது: மூக்கு இப்படிச் சப்பையாகும்படி நாய்களை இனப்பெருக்கம் செய்யாதீர்கள். இந்த நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்து சம்பாதிப்பவர்களின் சங்கம் அல்லவா இது! அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். தனி மருத்துவர் முகத்துக்கு நேரே சொன்னால் நாய்க்காரர் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். சங்கம் சொன்னால் யாரிடம் கோபிப்பது? தலைவர்கள் ஊசி போடத் தெரிந்த மருத்துவர்கள். பதவிக்காலம் முடிந்தால் மாறுவார்கள். கொள்கை வரைவு, அரசுக்குக் கடிதம், திருத்தம், மறுபடி திருத்தம் என்று அலுவலக வேலையோ ஓயாது. அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

ஹாரிஸ் பார்க்குக்குப் பெயர் தந்த டாக்டர் ஜான் ஹாரிஸ், இந்தியாவிலிருந்து புள்ளிமான் வரவழைத்தவர். விலங்குகள் விஷயத்தில் மனிதர் விருப்பத்தைத் தடுத்துக் கேட்க அவர் காலத்தில் இப்படி ஒரு சங்கம் இல்லை.